பழைய லினக்ஸ் மெஷினில் சிங்க்திங்: ஓடுறதை ஓட விடலாமா, அப்டேட் போடணுமா?

வெட்டாறு
14 செப்டம்பர் 2025, இரவு 9.40

நீடாமங்கலத்தில் அச்சகம். கடையில் ஒரு டெஸ்க்டாப்: லினக்ஸ் மின்ட் 21, 2 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். மன்னார்குடி வீட்டில் அரசு கொடுத்த மாணவர் மடிக்கணினி ஒன்று: டெபியன் 12, 32 பிட். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃபிளெக்ஸ் டிசைன் எல்லாம் சேர்த்து சுமார் 80 ஜிபி இரண்டுக்கும் நடுவே சிங்க்திங் (மெஷின்களுக்கு நடுவே ஃபோல்டரை ஒரே மாதிரி வைக்கிற மென்பொருள்) வழியாப் போய் வருது. டெஸ்க்டாப்பில் 1.18, மடிக்கணினியில் 1.19.2. போன வாரம் போனில் ஆப் போட்டால் அது 2.0ங்குது.

என் கட்சி இதுதான்: ஓடுது, விட்டுடலாம். பழைய மெஷினில் அப்டேட் போட்டால்தான் கெடும். இல்லைன்னா காரணத்தோட சொல்லுங்க. "எப்பவும் லேட்டஸ்ட்தான் நல்லது"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.

குடமுருட்டி
14 செப்டம்பர் 2025, இரவு 10.15

பாதி சரி. 1.18, 1.19, 2.0 மூன்றும் ஒன்றோடொன்று பேசும். கம்பியில் போகும் பாஷை மாறவில்லை. அதனால் போன் 2.0 ஆனதற்காக மற்றதை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் 1.18ஐ விட்டு வைக்கக் கூடாததற்கு ஒரு காரணம் உண்டு. பகிர்ந்த ஃபோல்டரில் வரும் ஃபைலின் பெயருக்குள்ளேயே ஸ்கிரிப்டை ஒளித்து அனுப்பினால், அது உங்கள் பிரவுசரில் திறந்திருக்கும் சிங்க்திங் பக்கத்தில் ஓடும். அப்படி ஒரு ஓட்டை இருந்தது; 1.23.5இல் அடைத்தார்கள். உங்கள் இரண்டு மெஷினுக்கு நடுவே மட்டும் என்றால் கவலை குறைவு. வாடிக்கையாளரோ டிசைனரோ ஃபோல்டரில் சேர்ந்திருந்தால் கவலைப்பட வேண்டும்.

வெண்ணாறு
14 செப்டம்பர் 2025, இரவு 10.32

ஓடுற போர் மோட்டாரை எவன் வெளியே எடுப்பான். நான் வெட்டாறு கட்சி.

குடமுருட்டி
14 செப்டம்பர் 2025, இரவு 10.50

அண்ணே, மோட்டாரை எடுக்கச் சொல்லலை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள எத்தனை ஒயர் போகுதுன்னு பார்க்கச் சொல்றேன்.

வெட்டாறு, எதையும் தொடுவதற்கு முன்னால் டெர்மினலில் "டைப் மைனஸ் ஏ சிங்க்திங்" என்று தட்டுங்கள். எத்தனை வரி வருகிறது என்று சொல்லுங்கள் (யுஎஸ்ஆர்-பின்னும் வெறும் பின்னும் ஒரே இடம்தான்; இரண்டும் வந்தால் ஒரு வரியாக எண்ணுங்கள்). அப்டேட் போட்டுக் கெட்டது என்று சொல்பவர்களில் பாதிப் பேருடைய மெஷினில் சிங்க்திங் இரண்டு பிரதி இருக்கும்.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். பார்த்து நீங்களே தட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு காப்பி அடித்து ஒட்ட முடியாமல் போவது நல்லதுதான்.)

வெட்டாறு
15 செப்டம்பர் 2025, காலை 8.05

இரண்டு வரி வருது. ஒன்று யுஎஸ்ஆர்-பின்னுக்குள், இன்னொன்று ஹோமுக்குள் இருக்கும் பின் ஃபோல்டரில். இரண்டாவதை யார் வைத்ததுன்னு எனக்குத் தெரியலை. மெஷின் விற்ற கடைக்காரர் வைத்திருக்கலாம்.

குடமுருட்டி
15 செப்டம்பர் 2025, காலை 9.20

நினைத்தேன். சிங்க்திங் மூன்று வழியாக வரும். வழியைப் பொறுத்துத்தான் அப்டேட்டும்.

முதல் வழி டிஸ்ட்ரோவின் (மின்ட், டெபியன் மாதிரியான லினக்ஸ் தொகுப்பின்) பேக்கேஜ். வெளியீட்டு நாளில் எந்த வெர்ஷன் உள்ளே போனதோ அதிலேயே நிற்கும். உபுண்டு 22.04இலும் அதன் மேல் கட்டிய மின்ட் 21இலும் 1.18. 24.04இல் 1.27.2. டெபியன் 12இல் 1.19.2, டெபியன் 13இல் 1.29.5. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட்டில் அப்கிரேடை நூறு தடவை அடித்தாலும் அடுத்த எண் வராது. "அப்டேட் எல்லாம் போட்டுட்டேன், இன்னும் பழசாவே இருக்கு" என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது. இந்தப் பேக்கேஜ்களில் தானே அப்டேட் ஆகும் வசதியையும் கட்டும்போதே அணைத்திருப்பார்கள். வெப் பக்கத்தில் அந்தப் பொத்தானே தெரியாது.

இரண்டாவது வழி சிங்க்திங் திட்டமே நடத்தும் ஆப்ட் களஞ்சியம். மற்ற பேக்கேஜ் மாதிரியே ஆப்ட் வழியாகப் புதிய வெர்ஷன் வரும்.

மூன்றாவது வழி சிங்க்திங் தளத்திலிருந்து டார் ஃபைலை (சுருக்கிக் கட்டிய மூட்டை) இறக்கி, பிரித்து, ஹோமுக்குள் ஓரிடத்தில் வைப்பது. இது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தானே போய்ப் பார்க்கும். கையொப்பத்தைச் சரிபார்த்துத் தன்னையே மாற்றிக்கொள்ளும். பழையதை "ஓல்டு" என்ற வால் சேர்த்துப் பக்கத்திலேயே வைக்கும். ஆனால் தானாக ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவாது. அதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

மூன்றில் எதுவானாலும் சரி. இரண்டு சேரக் கூடாது. உங்கள் மெஷினில் ஒன்றாவதும் மூன்றாவதும் சேர்ந்து கிடக்கின்றன. டெர்மினலில் தட்டினால் ஓடுவது ஒன்று, பின்னணியில் ஓடும் சர்வீஸ் எழுப்புவது வேறு ஒன்று. புதியது ஒரு தடவை ஓடினால் அமைப்பு ஃபைலைத் தன் வெர்ஷனுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதிவிடும். மறுநாள் மெஷின் எழும்போது பழையது வந்து, "இந்த அமைப்பு என்னைவிடப் புதியது" என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். அப்டேட் கெடுத்தது என்று பெயர் வரும்.

வெண்ணாறு
15 செப்டம்பர் 2025, காலை 9.41

சரி, கட்சி மாறிட்டேன். ஒரே வீட்ல ரெண்டு மாப்பிள்ளை கதையா இருக்கு.

குடமுருட்டி
15 செப்டம்பர் 2025, இரவு 9.10

டெஸ்க்டாப்புக்கு இரண்டாம் வழி. வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் சர்வீஸை நிறுத்துங்கள்: "சிஸ்டம்சிடிஎல், இரட்டைக் கோடு யூசர், ஸ்டாப், சிங்க்திங்". வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுக்கும் பிரதி பாதிப் பிரதி.

அடுத்தது, ஹோமுக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள சிங்க்திங் ஃபோல்டரை முழுதாக வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அதில் அமைப்பு ஃபைல், செர்ட் (சான்றிதழ்), கீ (அதன் ரகசியச் சாவி), இன்டெக்ஸ் (ஃபைல்களின் நிலையைக் குறித்து வைக்கும் பட்டியல்) இருக்கும். செர்ட், கீ இரண்டும் சில கிலோபைட்தான். ஆனால் உங்கள் சாதன ஐடி அந்த செர்ட்டிலிருந்து பிறப்பது. அது போனால் மறுபடி எல்லா மெஷினிலும் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டும். அதே ஜோடியை இரண்டு மெஷினில் வைத்து ஒரே நேரத்தில் ஓட்டவும் கூடாது.

அதன்பின் ஹோமுக்குள் கிடக்கும் அந்த அநாதைப் பிரதியை எடுத்துவிடுங்கள்.

பிறகு, களஞ்சியத்தின் கையொப்பத்தை ஆப்ட் சரிபார்க்கும் சாவி. இடிசி, ஆப்ட், கீரிங்ஸ் ஃபோல்டர் மின்ட் 21இல் இருக்கும். அதைவிடப் பழைய டெபியன்களில் இல்லாமல் போகலாம், உருவாக்கிக்கொள்ளுங்கள். சிங்க்திங் தளத்தின் ரிலீஸ்-கீ ஜிபிஜி ஃபைலை அங்கே இறக்கி, அனுமதியை 644 ஆக வையுங்கள். ரூட்டுக்கு மட்டும் படிக்கும் அனுமதி இருந்தால், ஆப்ட் தனக்கென்று வைத்திருக்கும் பயனரால் திறக்க முடியாது. சாவி கண்ணெதிரே இருக்கும், ஆனால் "பொதுச் சாவி இல்லை" என்று பிழை வரும்.

களஞ்சியத்தின் முகவரியை ஆப்ட்டுக்குச் சொல்லும் சோர்ஸ் வரியில் சேனல் பெயர் முக்கியம். "ஸ்டேபிள்" என்று எழுதினால் ஒன்றாம் வரிசையின் கடைசியான 1.30இல் நிற்கும். "ஸ்டேபிள்-வி2" என்றால் இரண்டாம் வரிசை. இப்போதைக்கு "ஸ்டேபிள்" மட்டும் போடுங்கள். 2.0 பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கடைசியாக ப்ரிஃபரன்ஸ் ஃபைலில் அந்தக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை 990. அதன்பின் ஆப்ட் அப்டேட், ஆப்ட் இன்ஸ்டால், சர்வீஸ் ஸ்டார்ட்.

அரசலாறு
15 செப்டம்பர் 2025, இரவு 9.55

ஒரு திருத்தம். அமைப்பு ஃபோல்டர் எப்போதும் கான்ஃபிக்குக்குள் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 1.27லிருந்து புதிதாக நிறுவினால் ஹோமுக்குள் லோக்கல், ஸ்டேட், சிங்க்திங் என்ற இடத்துக்குப் போகும். ஏற்கெனவே கான்ஃபிக்கில் இருந்தால் அங்கேயே தொடரும். சந்தேகமாக இருந்தால் ஒன்றாம் வரிசையில் "சிங்க்திங் இரட்டைக் கோடு பாத்ஸ்", இரண்டாம் வரிசையில் கோடு இல்லாமல் "சிங்க்திங் பாத்ஸ்". அதுவே சொல்லிவிடும்.

குடமுருட்டி
15 செப்டம்பர் 2025, இரவு 10.02

ஆமாம். நான் வெட்டாறு மெஷினை மட்டும் நினைத்து எழுதினேன்.

வெட்டாறு
17 செப்டம்பர் 2025, காலை 10.30

நேற்று கரண்ட் போய் வந்தது. இன்று காலை ஆப்ட் அப்டேட் போட்டால் ரிலீஸ் ஃபைல் "இன்னும் செல்லுபடி ஆகவில்லை"ன்னு ஒரு பிழை, செர்டிஃபிகேட் சரியில்லைன்னு இன்னொன்று. சாவியை மூன்று தடவை இறக்கிட்டேன். உங்க 644 எல்லாம் சரியாத்தான் இருக்கு.

அரசலாறு
17 செப்டம்பர் 2025, காலை 10.44

சாவியை விடுங்கள். பேனலில் மணி என்ன காட்டுது? வருஷத்தோட சொல்லுங்கள்.

வெட்டாறு
17 செப்டம்பர் 2025, காலை 10.50

1 ஜனவரி 2009.

அரசலாறு
17 செப்டம்பர் 2025, காலை 11.35

மதர்போர்டில் இருக்கும் பொத்தான் செல் தீர்ந்துவிட்டது. கரண்ட் போனதும் கடிகாரம் பிறந்த நாளுக்குத் திரும்புகிறது. 2009ஆம் வருஷத்தில் நின்றுகொண்டு 2025இல் எழுதிய செர்டிஃபிகேட்டைக் காட்டினால் "இது இன்னும் பிறக்கவே இல்லை" என்றுதானே சொல்லும்.

செல் எண் சிஆர் 2032. எலக்ட்ரிக்கல் கடை, வாட்ச் கடை எங்கும் கிடைக்கும். மல்டிமீட்டரில் புதியது 3 வோல்ட்டுக்கு மேலே காட்டும்; 2.5க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். பவர் பிளக்கை உருவி, ஸ்விட்சை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, பக்கத்துக் கிளிப்பை லேசாகத் தள்ளினால் செல் குதிக்கும். பிளஸ் பக்கம் மேலே. மாற்றியதும் பயாஸுக்குள் போய்த் தேதியை வையுங்கள். பிறகு "டைம்டேட்சிடிஎல்" தட்டி, நெட்வொர்க் வழியாக நேரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஆப்ட்டோடு இது முடியவில்லை. ஒரே ஃபைலை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால் சிங்க்திங் ஒன்றை நிஜப் பெயரில் வைக்கும், மற்றதை "சிங்க்-கான்ஃப்ளிக்ட்" என்று பெயர் மாற்றி ஓரமாக வைக்கும். மோதல் இருக்கிறதா என்பதைக் கடிகாரத்தை வைத்துத் தீர்மானிக்காது; அதற்கு உள்ளே தனிக் கணக்கு உண்டு. மோதல் என்று ஆனபின் யார் ஜெயிப்பது என்பதற்குத்தான் ஃபைல் மாற்றிய நேரத்தைப் பார்க்கும். பழைய நேரம் உள்ளது தோற்கும். கடை மெஷின் 2009 என்று எழுதிக்கொண்டிருந்தால், நீங்கள் இன்று காலை செய்த திருத்தம்தான் ஒவ்வொரு முறையும் ஓரத்துக்குப் போகும். வீட்டில் இருந்த பழைய டிசைன் ஜெயிக்கும். பிளேட் போடுவதற்கு முன்னால் ஃபோல்டரில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வெட்டாறு
17 செப்டம்பர் 2025, இரவு 8.20

பதினோரு கான்ஃப்ளிக்ட் ஃபைல். கடைப் பையன் திருத்தத்தைச் சேமிக்கவே இல்லைன்னு அவனைத் திட்டிட்டிருந்தேன்.

வெண்ணாறு
17 செப்டம்பர் 2025, இரவு 8.31

பையனுக்கு ஒரு டீயும் வடையும் கடன்.

குடமுருட்டி
21 செப்டம்பர் 2025, மாலை 6.00

2.0 பற்றி. இந்த ஆகஸ்ட்டில் வந்தது. உள்ளே பெரிய மாற்றம் ஒன்றுதான்: இன்டெக்ஸ் வைக்கும் களம் லெவல்டிபியிலிருந்து எஸ்கியூலைட்டுக்கு மாறியது. முதல் தடவை எழுப்பும்போது பழைய களத்தைப் புதியதற்கு மாற்றி எழுதும். எஸ்எஸ்டி உள்ள மெஷினில் ஒரு டீ குடிக்கும் நேரம். சுழலும் டிஸ்க்கும் 2 ஜிபி ராமும் இருக்கும் இடத்தில், ஃபைல் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டினால் நெடுநேரம் அரைக்கும். நேரத்தைத் தீர்மானிப்பது ஜிபி இல்லை, எத்தனை ஃபைல் என்பதுதான். 80 ஜிபியில் நாலாயிரம் ஃபிளெக்ஸ் ஃபைல் என்றால் சீக்கிரம் முடியும். அதே 80 ஜிபி சின்னச் சின்ன ஃபைலாக இருந்தால் வேறு கதை.

அது நடக்கும்போது கரண்ட் போகக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்தும் நாளைப் பேப்பரில் பார்த்துவிட்டு, வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை ஆரம்பித்தபின் வேண்டவே வேண்டாம். பதிவேட்டை "ஜர்னல்சிடிஎல்" வழியாகப் பார்த்துக்கொண்டிருங்கள். பக்கம் வரவில்லையே என்று நடுவில் கொல்லாதீர்கள்.

1.18லிருந்து நேரே 2.0க்குப் போகாமல் 1.30இல் இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் போவதே என் பழக்கம். திரும்பி வர வழி கிடையாது: புதிய களத்தை ஒன்றாம் வரிசை படிக்காது. அந்த நகல் ஃபோல்டர் இருந்தால்தான் பின்வாங்க முடியும்.

அரசலாறு
21 செப்டம்பர் 2025, மாலை 6.40

மாற்றி எழுதவே விடாமல், இன்டெக்ஸை அழித்துவிட்டுப் புதிதாக ஸ்கேன் பண்ண விட்டால்? பழைய டிஸ்க் நொடிக்கு 60 எம்பி படித்தால் 80 ஜிபிக்கு இருபத்து மூன்று நிமிஷம்தான்.

குடமுருட்டி
21 செப்டம்பர் 2025, இரவு 7.15

கணக்கு சரி, பெரிய ஃபைலாக இருந்தால். ஆனால் எந்தெந்த ஃபைல் அழிக்கப்பட்டது என்ற நினைவும் அந்த இன்டெக்ஸில்தான் இருக்கிறது. ஒரு மெஷினில் மட்டும் அழித்தால் பரவாயில்லை, மற்றவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். எல்லா மெஷினிலும் ஒரே சமயத்தில் அழித்தால், ஒரு பக்கம் மட்டும் மிச்சமிருந்த பழைய ஃபைல் எல்லாம் உயிர்த்தெழுந்து ஊர்வலம் வரும்.

இதே காரணத்தால் 2.0இல் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அழித்த ஃபைல்களின் நினைவை இனி நிரந்தரமாக வைக்காது. 15 மாதத்தில் மறந்துவிடும். பீரோவில் போட்டு வைத்த மடிக்கணினியை ஒன்றரை வருஷம் கழித்து இணைத்தால் அதில் இருக்கும் பழசெல்லாம் திரும்பி வரலாம். அப்படிப்பட்ட மெஷினில் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே மேல். சர்வீஸ் வரியில் அந்தக் கால அளவைக் கூட்டும் வசதியும் இருக்கிறது.

வெட்டாறு
28 செப்டம்பர் 2025, மதியம் 2.10

செல் மாற்றினேன், 1.30 வந்தது, பத்து நாளா நல்லா ஓடிச்சு. இன்று சேனலை ஸ்டேபிள்-வி2 ஆக்கி ஏற்றினேன். சர்வீஸ் எழவே இல்லை. பதிவேட்டில் தெரியாத ஃபிளாக்ன்னு ஏதோ சொல்லி உடனே சாகுது. களம் மாற்றுற கட்டத்துக்கே வரலை.

குடமுருட்டி
28 செப்டம்பர் 2025, மதியம் 2.35

"சிஸ்டம்சிடிஎல், இரட்டைக் கோடு யூசர், கேட், சிங்க்திங்" தட்டுங்கள். முதல் வரியில் யூனிட் ஃபைல் (சர்வீஸை எப்படி எழுப்புவது என்று சொல்லும் ஃபைல்) எங்கே இருக்கிறது என்று வரும். எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் நோ-பிரவுசருக்கு முன்னால் எத்தனை கோடு?

வெட்டாறு
28 செப்டம்பர் 2025, மதியம் 2.41

ஹோமுக்குள்ளேயே இருக்கு. ஒரு கோடுதான்.

குடமுருட்டி
28 செப்டம்பர் 2025, மதியம் 2.58

அந்த அநாதைப் பிரதியை வைத்தவர் யூனிட் ஃபைலையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேக்கேஜோடு வரும் யூனிட்டை ஹோமுக்குள் இருப்பது மறைத்துவிடும். நீண்ட பெயருள்ள ஃபிளாக்குக்கு (கட்டளையோடு சேர்க்கும் நோ-பிரவுசர் மாதிரியான சொல்லுக்கு) முன் ஒற்றைக் கோடு போடுவதை ஒன்றாம் வரிசை பொறுத்துக்கொண்டது, 2.0 ஏற்காது. அந்த ஃபைலை எடுத்துவிட்டு "டீமன்-ரீலோட்" கொடுத்து எழுப்புங்கள். பேக்கேஜின் யூனிட் இரட்டைக் கோட்டோடு சரியாக இருக்கும்.

கையால் யூனிட் எழுதியே தீர வேண்டும் என்பவர்களுக்கு: டார் வழியில் போகிறவர்கள் ரீஸ்டார்ட் வரியை விட்டுவிடாதீர்கள். தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும் 4 என்ற எண்ணோடு வெளியேறும், "என்னை மறுபடி எழுப்பு" என்பதற்கு அடையாளமாக. எழுப்ப ஆள் இல்லாவிட்டால் அப்டேட் ஆன அன்றைக்கே படுத்துவிடும். பழி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வெண்ணாறு
29 செப்டம்பர் 2025, இரவு 9.00

32 பிட் மடிக்கணினியை மறந்துட்டீங்களே. டெபியன் 13இல் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. 12லயே உட்கார்ந்தா நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரைக்கும். அதுக்கப்புறம்?

முதல்ல "எல்எஸ்சிபியு" தட்டி சிபியு மோட் வரியப் பாருங்க. 32, 64ன்னு ரெண்டும் இருந்தா சில்லு 64 பிட், எவனோ 32 பிட் சிடியைப் போட்டுட்டான்னு அர்த்தம். ஆட்டம்லயே என்270 வெறும் 32, என்450 வந்தா 64. 64ன்னா டெபியனையே மாத்திப் போட்டுடலாம். ஹோமை நகல் எடுத்துத் திருப்பி வச்சா சாதன ஐடிகூட மாறாது.

நிஜமாவே 32 மட்டும்னா சிங்க்திங் தளத்துல 386ன்னு இருக்கற டார் ஃபைல். சிங்க்திங் கோ மொழியில எழுதினது. அந்தக் கம்பைலர் 1.16லேர்ந்து எஸ்எஸ்இ2ங்கற கட்டளைத் தொகுதி இல்லாத சில்லைக் கைவிட்டுடுச்சு, அதனால பென்டியம் 3ல ஓட்டலாம்னு யாரும் கிளம்பாதீங்க. கோ 1.24க்குக் கெர்னல் 3.2 வேணும். டெபியன் 12 வச்சிருக்கறவங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

அரசலாறு
30 செப்டம்பர் 2025, காலை 7.50

2 ஜிபி மெஷினுக்கு அட்வான்ஸ்டு பக்கத்தில் மாற்ற வேண்டியவை: ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஃபோல்டர் எண்ணிக்கை 1. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஹாஷர்ஸ் 1. முன்னேற்றம் காட்டும் இடைவெளி மைனஸ் 1. சதவீதம் ஓடுவதைப் பார்க்க முடியாது, சிபியு மூச்சு விடும். டேட்டாபேஸ் டியூனிங் என்று பழைய பதிவுகளில் படித்திருந்தால் அது லெவல்டிபி காலத்துச் சமாச்சாரம், 2.0இல் தேட வேண்டாம்.

மாற்றத்தைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை வரம்பு பழைய கெர்னல்களில் 8192தான். 5.11க்குப் பிறகு ராமைப் பார்த்துத் தானே கூட்டிக்கொள்ளும். பழையதில் இருப்பவர்கள் 204800 என்று சிஸ்சிடிஎல்லில் எழுதுங்கள். எழுதும் இடம் சிஸ்சிடிஎல் டி ஃபோல்டருக்குள் ஒரு தனி ஃபைலாக இருக்கட்டும்: டெபியன் 13க்குப் போனால் பழைய ஒற்றை ஃபைலைப் படிப்பதில்லை, நாளைக்கு அதைத் தேடி அலைய வேண்டாம்.

வெட்டாறு
26 அக்டோபர் 2025, காலை 11.15

2.0 இரண்டிலும் ஓடுது. களம் மாற்ற டெஸ்க்டாப்புக்கு அரை மணி நேரம்கூட ஆகலை. ஒரே ஒரு ஃபைல் மட்டும் மன்னார்குடியிலிருந்து கடைக்கு வர மாட்டேங்குது. பெயர் ரொம்ப நீளம்னு பிழை. ஆனா அதன் முந்தின பிரதி வந்துடுச்சு. "திருத்துறைப்பூண்டி திருமணப் பத்திரிகை இறுதி" வந்தது. "திருத்துறைப்பூண்டி திருமணப் பத்திரிகை இறுதி 2" வரலை. ஒரு இடைவெளி, ஒரு எண். இதுக்கு நீளமா? 2.0இன் கோளாறுன்னு நினைக்கிறேன்.

வெண்ணாறு
26 அக்டோபர் 2025, காலை 11.22

இறுதிக்கு எப்படிய்யா 2 வரும்.

குடமுருட்டி
26 அக்டோபர் 2025, மதியம் 1.30

2.0இன் கோளாறு இல்லை. மின்ட் நிறுவும்போது "என் ஹோம் ஃபோல்டரைக் குறியாக்கு" என்ற பெட்டியில் டிக் போட்டிருப்பீர்கள். அது ஈக்ரிப்ட்எஃப்எஸ். லினக்ஸ் டிஸ்க்கின் சாதாரண அமைப்பான எக்ஸ்ட்4இல் ஃபைல் பெயர் 255 பைட் வரை போகலாம். ஈக்ரிப்ட்எஃப்எஸில் 143தான்.

தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். "தி" என்பது த, இகர மேல்விலங்கு என்று இரண்டு குறி, ஆறு பைட். "திருத்துறைப்பூண்டி" மட்டும் பதினெட்டுக் குறி, 54 பைட். முதல் பெயர் முழுவதும், எஸ்விஜி வாலோடு சேர்த்து, 127 பைட். ஒரு இடைவெளியும் 2ம் சேர்ந்தால் 129.

129ம் 143க்குள் தானே என்றால், சிங்க்திங் ஃபைலை நேரே எழுதுவதில்லை. முன்னால் ஒரு சொல்லும் பின்னால் ஒரு வாலும் ஒட்டித் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்தபின் பெயரை மாற்றும். ஒட்டுவது 15 பைட். 127 கூட்டல் 15, 142: உள்ளே நுழைந்தது. 129 கூட்டல் 15, 144: ஒரு பைட் வெளியே. கடையிலேயே உட்கார்ந்து அந்தப் பெயரில் சேமித்துப் பாருங்கள், ஏற்கும். சிங்க்திங் வழியாக மட்டும் வராது.

கான்ஃப்ளிக்ட் என்று பெயர் மாறினால் இன்னும் 38 பைட் கூடும். அதனால் குறியாக்கிய ஹோமில் பெயரை 105 பைட்டுக்குள், அதாவது சுமார் 33 தமிழ்க் குறிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் பெயரை எக்கோ மைனஸ் என் வழியாக டபிள்யூசி மைனஸ் சிக்குக் கொடுத்தால் பைட் எண்ணிக்கை வரும்.

வெட்டாறு
26 அக்டோபர் 2025, மதியம் 2.05

டிக் போட்டிருக்கேன். ஊர்ப் பெயரைத் "தி.பூண்டி"ன்னு சுருக்கினதும் வந்துடுச்சு.

அரசலாறு
7 டிசம்பர் 2025, இரவு 8.45

பழைய இழைதான், ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களே, அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் வெளிக் களஞ்சியத்தைத் தொடாது. "ஆப்ட்-கேஷ் பாலிசி" தட்டி, சிங்க்திங் வரிக்குக் கீழே ஆரிஜின் என்ன என்று பார்த்து, அதை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் உங்கள் மெஷினில் டிஸ்ட்ரோ பேக்கேஜ் எல்லாம் புதிதாகிக்கொண்டிருக்கும், சிங்க்திங் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்.

வெட்டாறு
8 டிசம்பர் 2025, காலை 9.10

சேர்த்திருக்கேன். ஆப்ட் புது எண் காட்டுது. வெப் பக்கத்தின் அடியில் பழைய எண்தான் இருக்கு. மறுபடியும் இரண்டு பிரதியா? டைப் மைனஸ் ஏ ஒரு வரிதான் கொடுக்குது.

குடமுருட்டி
8 டிசம்பர் 2025, காலை 9.35

ஒரு பிரதிதான். டிஸ்க்கில் இருப்பது புதியது, ராமில் ஓடிக்கொண்டிருப்பது பழையது. யூசர் சர்வீஸாக ஓடுவதை ஆப்ட் மறுபடி எழுப்பாது. ரீஸ்டார்ட் கொடுங்கள். கடையைத் தினமும் இரவில் அணைத்துவிட்டுத்தானே போகிறீர்கள், காலையில் தானே சரியாகியிருக்குமே?

வெட்டாறு
8 டிசம்பர் 2025, காலை 9.48

தை முகூர்த்தம் வருதுங்க. பத்து நாளா மெஷினை அணைக்கவே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்துட்டேன், எண் மாறிடுச்சு.